தேமாஜி, 2004: கொடியேற்றத்துக்கு வந்த குழந்தைகள்

[திரையில்: அசாம் வரைபடம். பிரம்மபுத்திராவின் வடகரையில் தேமாஜி மட்டும் தனியாகத் தெரிகிறது.]

2004 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை. அசாமின் தேமாஜி ஊரில், கல்லூரி மைதானத்தில் சுதந்திர தின விழா. காலை ஒன்பது மணி வாக்கில், பள்ளிப் பிள்ளைகள் அணிவகுப்புக்குக் கூடியிருந்த நேரம், கல்லூரி வாயில் அருகே குண்டு வெடித்தது. குறைந்தது 13 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார்களும் இறந்தவர்களில் உண்டு.

அசாமுக்கு வெளியே இந்த ஊரின் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. இத்தனை குழந்தைகள் இறந்த ஒரு சம்பவம் ஓர் ஓரச் செய்தியாகக் கடந்துபோனது எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த மைதானத்தில் ஏன் குண்டு வைக்கப்பட்டது, அதற்கு யார் பதில் சொன்னார்கள் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: ஆற்றின் இரு கரைகள், மலையடிவாரம்.]

தேமாஜி, அருணாசலப் பிரதேச மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் மாவட்டம். மிசிங், சோனோவால் கச்சாரி, தேவ்ரி, அகோம் என்று பல சமூகங்கள் வாழும் இடம். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் மழைக்காலத்தில் வெள்ளத்தோடு மணலையும் கொண்டுவந்து நெல்வயலில் கொட்டிவிட்டுப் போகும். அதற்கப்புறம் அந்த நிலத்தில் பயிர் வைப்பதே பெரும்பாடு. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திப்ருகர் போக வேண்டும். இன்று போகிபீல் பாலம் இருக்கிறது, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நீளம். ஆனால் அது திறக்கப்பட்டது 2018 டிசம்பரில்தான். 2004-இல் அந்த இடத்தில் ஆற்றைக் கடக்கப் படகுதான்.

சரி, குண்டு வைத்த உல்ஃபா, அதாவது அசாம் ஐக்கிய விடுதலை முன்னணி, யார்?

1979 ஏப்ரல் 7 அன்று, சிவசாகரில், அகோம் அரசர்கள் கட்டிய ரங் கர் மண்டபத்தில் தொடங்கப்பட்ட ஆயுத அமைப்பு அது. அசாமைத் தனி நாடாக்குவதுதான் அதன் நோக்கம். அதற்குப் பின்னால் இருந்த மனக்குறை வெறும் கற்பனை இல்லை, இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அசாமில் எடுக்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியே பீகாரின் பரௌனி சுத்திகரிப்பு ஆலைக்குப் போனது. தேயிலைத் தோட்டங்களின் தலைமை அலுவலகங்கள் பல கொல்கத்தாவில் இருந்தன. எல்லை தாண்டி வருபவர்களால் சொந்த மண்ணிலேயே சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்ற பயம் 1979 முதல் 1985 வரை மாநிலத்தையே தெருவில் இறக்கியது. அந்த மாணவர் போராட்டம் அசாம் ஒப்பந்தத்தில் முடிந்தது. அது கையெழுத்தானதும் ஒரு ஆகஸ்ட் 15 அன்றுதான், 1985-இல். உல்ஃபா அதை ஏற்கவில்லை.

எண்பதுகளின் இறுதியில் கிராமங்களில் உல்ஃபாவுக்கு உண்மையான ஆதரவு இருந்தது. தேயிலை நிறுவனங்களிடம் பணம் வசூலித்தது, ஊர்த் தகராறுகளில் தீர்ப்பு சொன்னது. 1990 நவம்பரில் மத்திய அரசு அமைப்பைத் தடை செய்து, குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவந்து, ராணுவத்தை இறக்கியது. ஆபரேஷன் பஜ்ரங், அடுத்த ஆண்டு ஆபரேஷன் ரைனோ. அந்த நடவடிக்கைகளில் சாதாரணக் கிராமத்து ஆட்களும் அடிபட்டார்கள். அந்தக் கோபம் பல காலம் உல்ஃபாவுக்கே உதவியது.

ஆனால் உல்ஃபா தன் மக்களையும் கொன்றது. 1997-இல் மாஜுலி தீவில் மண் அரிப்பைத் தடுக்கக் கிராம மக்களோடு வேலை செய்துகொண்டிருந்த சமூகப் பணியாளர் சஞ்சய் கோஷைக் கடத்திக் கொன்றது. அன்றே பலருக்கு நம்பிக்கை போய்விட்டது.

[திரையில்: பூட்டான் எல்லை, 2003.]

2003 டிசம்பரில் பூட்டான் ராணுவம் தன் காடுகளில் இருந்த உல்ஃபா முகாம்களைத் தாக்கி அழித்தது. அமைப்புக்கு அது பெரிய அடி. தேமாஜி நடந்தது அதற்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு. முகாம்களை இழந்த ஓர் அமைப்பு, தன் சொல்லுக்கு இன்னும் பயம் இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தச் சொல் என்ன? சுதந்திர தினப் புறக்கணிப்பு. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வந்தால் உல்ஃபாவும் வேறு சில அமைப்புகளும் பந்த் அறிவிக்கும். கடைகள் மூடியிருக்கும், பேருந்து ஓடாது, தெருவில் பாதுகாப்புப் படையினர்தான் இருப்பார்கள். அரசுக்கோ மைதானம் நிறைந்திருக்க வேண்டும். சின்ன ஊரில் சுதந்திர தின மைதானத்தை நிரப்புவது யார்? நம் எல்லோருக்கும் தெரியும், பள்ளிப் பிள்ளைகள்தான். சீருடையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, அணிவகுப்புக்குப் பல நாள் பழகிவிட்டு வருவார்கள். கொடி ஏற்றும் நேரம் ஊருக்கே தெரியும். அந்த நேரத்தில், அந்த வாயிலில் குண்டு வைப்பவருக்கு அங்கே யார் நின்றிருப்பார்கள் என்று தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இதைத் தவறுதலாக நடந்த விபத்துபோலப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

அசாம் முழுக்க உல்ஃபாவுக்கு எதிராகக் கோபம் எழுந்தது. யாருக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ, அதே அசாமியப் பிள்ளைகள் செத்திருந்தார்கள். அமைப்பு முதலில் பொறுப்பேற்க மறுத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2009-இல், அதன் படைத் தலைவர் பரேஷ் பருவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கீழ்மட்டத்தில் இருந்தவர்கள் தலைமைக்குத் தவறான தகவல் கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் அப்போது மறுத்தோம் என்பது அவருடைய விளக்கம். அந்தக் கீழ்மட்டத்தினரைத் தேமாஜி மக்கள் முன் கொண்டுவந்து நிறுத்தாத வரை, அந்த மன்னிப்புக்கு என்ன மதிப்பு?

இடையில் ஞானபீட விருது பெற்ற எழுத்தாளர் மாமொனி ராய்சம் கோஸ்வாமியின் முயற்சியால், 2005-இல் உல்ஃபா அமைத்த குழு ஒன்று மத்திய அரசோடு பேசியது. 2006-இல் அது முறிந்தது. 2007 ஜனவரியில் மேல் அசாமில் இந்தி பேசும் தொழிலாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள்.

[திரையில்: நீதிமன்றக் கட்டடம்.]

இனி வழக்கு. தீர்ப்பு வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2019-இல் தேமாஜி மாவட்ட நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது. நால்வருக்கு ஆயுள் தண்டனை, இருவருக்கு நான்கு ஆண்டுச் சிறை. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2023 ஆகஸ்டில் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்றது.

இதற்காக நீதிபதிகளைத் திட்டுவதில் நியாயம் இல்லை. போதிய சாட்சியம் இல்லாமல் யாரையாவது ஆயுள் முழுக்க உள்ளே வைப்பதால் அந்தத் தாய்மார்களுக்கு நீதி கிடைத்துவிடாது. கேள்வி கேட்க வேண்டியது விசாரணையை. ஊரே பார்த்துக்கொண்டிருந்த மைதானத்தில் நடந்த கொலைகளுக்கு, இத்தனை ஆண்டுகள் கழித்தும் நிற்கக்கூடிய ஒரு வழக்கைக் கட்ட முடியாமல் போனது எப்படி?

அதே 2023-இல், டிசம்பர் 29 அன்று, அதற்குள் இரண்டாகப் பிரிந்திருந்த உல்ஃபாவில் அரவிந்த ராஜ்கோவா தலைமையிலான பிரிவு மத்திய, மாநில அரசுகளோடு அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பரேஷ் பருவாவின் பிரிவு கையெழுத்திடவில்லை. 2024 ஆகஸ்ட் 15 அன்று, அசாமில் 20-க்கும் மேற்பட்ட இடங்களில் குண்டு வைத்ததாக அந்தப் பிரிவு அறிவித்தது. சில இடங்களில் போலீசார் அவற்றைக் கண்டெடுத்தார்கள். நல்லவேளை, எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்ட அதே மனிதரின் அமைப்பு, அதே தேதியில், மறுபடியும் குண்டைத்தான் எடுத்தது.

தேமாஜிக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள், குண்டை யார் கொண்டுவந்தார்கள் என்பது அமைப்புக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களிடம் அரசு அதைக் கேட்டு, பதிலை அந்தக் குடும்பங்களுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பரேஷ் பருவா என்றைக்காவது பேச்சுக்கு வந்தால், வேறெதையும் பேசுவதற்கு முன்னால் அவரிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்.