குடவோலையும் கிராம சபையும்: பள்ளிக்கு ஓர் ஆவணப் பெட்டி

அவைத் தலைவர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, அரங்கைத் திறந்துவிட்டு நாற்காலி போடுவதிலிருந்து மைக் வைப்பது வரை முன்னின்று பார்த்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே (உங்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்), முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் சமூக அறிவியல் ஆசிரியத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். வரலாற்று வகுப்புக்கு மூல ஆவணம், குடிமையியல் வகுப்புக்கு ஊர் ஆவணம், இவற்றுக்குத் தேர்வில் மதிப்பெண் போடும் முறை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆவணமும் ஏடுதானே என்று கேட்கலாம். ஆமாம், பிள்ளைகள் கையில் கொடுக்காமல் பீரோவில் பூட்டி வைத்தால் அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. பாடநூலில் 'குடவோலை முறை' என்று சில வரிகள் வரும். கல்வெட்டிலோ ஒரு முழு நாடகமே இருக்கிறது. ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய வார்டு போன்ற பிரிவுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, மேலே குடும்பின் பெயர் எழுதிய வாயோலையைச் சேர்த்துக் குடத்தில் போடுவார்கள். பெரியோரும் இளையோரும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். எதுவும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு வெறுங்குடத்துக்கு மாறும். குலுக்குவார்கள். அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்! ஏன் விரல் விரிக்க வேண்டும்? விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைக்க முடியாதல்லவா? மத்தியஸ்தன் வாசித்த பிறகு அங்குள்ள நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்க வேண்டும். இந்த விரல் வரியை வகுப்பில் படித்துப் பாருங்கள், கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான். ஒவ்வொரு குடும்புக்கும் ஒருவராக இப்படித் தேர்வான 30 பேரும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்குப் போவார்கள்: 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவி 360 நாள்.

வகுப்பில் நடத்தும்போது பிழை எங்கே வருகிறது என்றால், நேராகக் குடத்துக்குப் போய்விடுகிறோம். எல்லோர் பெயரும் குடத்துக்குள் போனது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். முதலில் தகுதி அட்டை கொடுங்கள். 40 பேர் என்றால் 40 அட்டை. நிலமில்லாதவர் 16, வயது 35க்குக் கீழோ 70க்கு மேலோ உள்ளவர் 8, வேதம் கற்காதவர் 5, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் 5. இவர்களை உட்காரச் சொன்னால் நிற்பவர் 6 பேர்தான். உட்கார்ந்தவர்களிடம் கேளுங்கள்: "ஏரித் தண்ணீர் உங்களுக்கும் வேண்டுமே, உங்கள் பெயர் ஏன் குடத்தில் இல்லை?" அது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊர் என்பதை அந்த நேரத்தில் சொன்னால்தான் மனதில் நிற்கும். நம் முன்னோரைப் போற்றுவதற்காக இதை மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். கணக்குக் காட்டாதவனை விலக்கிய விதியை எவ்வளவு பெருமையாகச் சொல்கிறோமோ, அவ்வளவு நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும்.

பிறகு நிற்பவர் பெயரை வைத்து வகுப்பிலேயே குடவோலை நடத்துங்கள். சீட்டுகள் ஒரே தாளில், ஒரே அளவில், ஒரே மடிப்பில் இருக்கட்டும். இல்லாவிட்டால் தடவிப் பார்த்தே எடுத்துவிடுவார்கள். ஒரு பாடவேளை போதாது, அடுத்தடுத்து இரண்டு வேண்டும்.

அங்கிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு வாருங்கள். 1948 நவம்பர் 4 அன்று, கிராமம் அறியாமையின் குகை என்று அம்பேத்கர் கடுமையாகப் பேசினார். அதே மாதம் 22ஆம் தேதி கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்பட்டு, பஞ்சாயத்து பின்னாளில் 40ஆவது பிரிவாக அரசியலமைப்பில் இடம்பெற்றது. இரண்டு பேச்சிலிருந்தும் அரைப் பக்கம் நகலெடுத்து எதிரெதிரே வையுங்கள். உட்கார்ந்திருந்த 34 பேரும் அம்பேத்கரின் கோபத்தைப் புரிந்துகொள்வார்கள். பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பு அங்கீகாரம் தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்ததும், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் கிடைத்ததும் 'உங்கள் பெயர் ஏன் குடத்தில் இல்லை' என்ற அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்.

இனி ஊர் ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு எத்தனை என்று மனப்பாடம் செய்வது ஏட்டுச் சுரைக்காய். ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் முதலில் "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று எழுதுவார்கள். அந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தரும். காரணம் கேட்டால் பதில் வராது. "இந்தத் தெருச் சாலைப் பணியின் மதிப்பீட்டு நகலும் அளவைப் புத்தக (செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) நகலும் தருக" என்று மாற்றி எழுத வைப்பதுதான் பாடம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அனுப்புவதானால் பெற்றோர் கையெழுத்திடட்டும்.

இவற்றையெல்லாம் ஆசிரியர் தன் சம்பளத்தில் நகலெடுத்து எத்தனை நாள் ஓட்டுவார்? அதனால்தான் பள்ளிக்கு ஓர் ஆவணப் பெட்டி வேண்டும் என்று மேடை மேடையாகக் கேட்டு வருகிறேன். கல்வெட்டு வாசகம் பெரிய எழுத்தில் 8 படி (ஐந்து பேருக்கு ஒன்று), தகுதி அட்டை 40, குடம் 2, நிர்ணய சபைப் பக்கங்கள், மனுப் படிவம், ஊராட்சியின் வரவு செலவுத் திட்டம், கிராம சபைத் தீர்மான நகல்கள். படிகளை லேமினேட் செய்துவிடுங்கள், வெறும் தாள் ஒரு பருவம்கூடத் தாங்காது.

மதிப்பெண் பற்றிச் சொல்ல மணி இடம் தரவில்லை. கல்வி அலுவலர் ஐயா மன்னிக்க வேண்டும்.

ஊராட்சித் தலைவர் அம்மா, விண்ணப்பம் இதுதான். ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூட்டுகிறீர்கள். அடுத்தது எதுவோ, அது முடிந்த வாரமே தீர்மானப் பதிவேட்டின் நகல் ஒன்றை இந்தப் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். பெட்டியில் முதலில் வைக்கப் போவது அதைத்தான்.