முந்திரித் தோப்பு ஓடையில் இரண்டு எஸ்யூவிகள்

வணக்கம் நண்பர்களே. கடலூர் மாவட்டம் பண்ருட்டிக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புக்குள் மழை அரித்த ஒரு செம்மண் ஓடையின் கரையில் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிற்பவை மஹிந்திராவின் மூன்று கதவு ‘தார்’ வண்டியும், முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சிறிய எஸ்யூவி ஒன்றும். இரண்டுமே நான்கு மீட்டருக்குள் அடங்குபவை என்பதால், நீளத்தை வைத்து இவற்றின் திறனை அளக்க முடியாது.

ஷோரூமில் எல்லோரும் முதலில் கேட்பது கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. தாருக்கு 226 மில்லிமீட்டர், சிறிய வண்டிக்கு 190. ஆனால் இன்று காலை சிறிய வண்டி சிக்கிக்கொண்டது அடி தட்டியதால் அல்ல. ஓடையைக் குறுக்காகக் கடக்கும்போது அதன் இடது முன்சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கியது. இன்ஜின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பகிரும் டிஃபரன்ஷியல் சாதாரண வகையாக இருப்பதால், அந்தச் சக்கரம் காற்றில் வீணாகச் சுற்ற, மண்ணை அழுத்திக்கொண்டிருந்த வலது சக்கரம் அசையவே இல்லை. தோப்புக்காரர் மண்வெட்டியால் கரையைச் சரித்து, காய்ந்த முந்திரிக் கிளைகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்த பிறகுதான் வண்டி வெளியே வந்தது.

அதே தடத்தில் தாரை ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரங்களும் மெதுவாக, ஆனால் அதிக விசையோடு இழுக்கும் லோ கியரில் போட்டு இறக்கினேன். பின்னச்சு ஒரே தண்டாக இருப்பதால், ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது மறுபக்கச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைத் தொட்டது. ஆக்சிலரேட்டரை ஏறத்தாழ மிதிக்காமலேயே, ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து மேலேறியது. என்னைப் பொறுத்தவரை, கரடுமுரடான வண்டிக்கு உண்மையான அடையாளம் இந்த லோ கியர்தான். மாருதி ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210தான் என்றாலும், லோ கியர் இருப்பதால் அதையும் இந்த வகையிலேயே சேர்ப்பேன்.

மணலில் கதை வேறு. சென்ற வாரம் தாழங்குடா பக்கம் சவுக்குத் தோப்பு மணற்பாதையில், டயர் காற்றை 33-லிருந்து 18 பிஎஸ்ஐ-க்குக் குறைத்த சிறிய வண்டி நிற்காமல் போய்விட்டது. காற்றைக் குறைக்காமல் நான் ஓட்டிச் சென்ற தார், தன் கூடுதல் எடையால் பாதிச் சக்கரம் வரை புதைந்தது. தவறு என்னுடையது, வண்டியுடையது அல்ல.

ஆகவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எப்போதாவது மணற்பாதையில் இறங்குபவருக்குச் சிறிய எஸ்யூவியும், காற்றழுத்தமானியும், கையடக்கக் கம்ப்ரசரும் போதும். மழைக்காலத்தில் தோப்புக்குள் போய்வர வேண்டியவர் லோ கியர் இல்லாத வண்டியை வாங்க வேண்டாம். தார்ச்சாலை ஏறும் முன் டயரில் மறுபடியும் காற்றை நிரப்பிவிடுங்கள்; குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும்.