தெரு நிற்கும்போதே எடுங்கள்

நண்பர்களே,

லண்டன் பாலத்தையும் பிக் பென்னையும் படமெடுக்க ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. போல்டன் நகரத்தின் பின்சந்துக்குள் கேமராவோடு நுழைய எத்தனை பேர் இருக்கிறார்கள்? நான் பேச வந்தது அந்தப் பின்சந்தைப் பற்றித்தான், அதுபோன்ற சாமானியர்களின் தெருக்களை இடிபடுவதற்கு முன்பே படமெடுப்பதைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடமேற்கே உள்ள பழைய பஞ்சாலை ஊர் போல்டன். சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் ‘மியூல்’ என்ற நூற்பு இயந்திரத்தை உருவாக்கியது அங்கேதான். பின்னர் ஆலைகள் பெருகின. தொழிலாளர்களுக்காகச் செங்கல் வீடுகள், பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, வரிசை வரிசையாக எழுந்தன. முன்கதவைத் திறந்தால் நேரே நடைபாதை. பின்னால் சிறிய முற்றம், அதைத் தாண்டினால் சந்து.

1937இல் ஹம்ப்ரி ஸ்பெண்டர் என்ற புகைப்படக்காரர் அந்த ஊருக்கு வந்தார். சாமானிய மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்யத் தொடங்கப்பட்ட ‘மாஸ் அப்சர்வேஷன்’ அமைப்பு போல்டனைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ‘ஒர்க்டவுன்’ என்று புனைபெயரும் வைத்திருந்தது. ஸ்பெண்டர் அதற்காகச் சுமார் 900 படங்கள் எடுத்தார். சந்தின் குறுக்கே கொடிகட்டிக் காயும் துணிகள், மதுக்கடை, தேவாலயம், கால்பந்து பார்க்கும் கூட்டம், தேர்தல் சுவரொட்டி, தெருவில் விளையாடும் பிள்ளைகள். பல பத்தாண்டுகள் அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் பார்க்கவில்லை. இன்று அவை போல்டன் அருங்காட்சியகத்தின் பெருமை.

ஒரே ஒரு வாசற்படியை எடுத்துக்கொள்வோம். போல்டன் இருந்த லங்காஷயர் வட்டாரத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் வாசற்படியை மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவி, ‘டாங்கி ஸ்டோன்’ என்ற கட்டியால் அதன் விளிம்பில் வெளிர்நிறக் கோடு இழுப்பார்கள். கந்தல் வாங்க வருபவரிடம் பழந்துணியைக் கொடுத்தால் பதிலுக்கு அந்தக் கட்டி கிடைக்கும். ஆலைகளில் எண்ணெய் படிந்த படிக்கட்டுகள் வழுக்காமலிருக்க முதலில் பயன்பட்ட பொருள் அது. புகைக்கரி ஓயாமல் விழுந்த ஊரில் அந்தக் கோட்டைத் தினமும் காப்பாற்றுவது லேசான வேலையா? அது அந்த வீட்டின் மானம். நின்ற உயரத்திலிருந்து எடுத்த படத்தில் அது தெரியாது, குனிந்தாக வேண்டும். மூட்டமான வானத்தின் கீழ் கல்லின் சொரசொரப்பும் தெரியாது. பக்கவாட்டில் வெயில் விழும் வேளைக்காகக் காத்திருக்க வேண்டும். முழு வீட்டையும் எடுக்கிறீர்களா? கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள், சுவர்கள் பின்னால் சாய்ந்துவிடும். தெருவின் எதிர்ப்பக்கம் போய், மட்டமாகப் பிடித்து எடுங்கள். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை அல்ல இது.

ஸ்பெண்டரிடம் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு. கேமராவைக் கோட்டுக்குள் மறைத்துவைத்து எடுத்தார். மக்கள் இயல்பாக இருக்கவேண்டும் என்பது காரணம். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவர் ஏழைகளின் தெருவில் ஒளிந்து நின்று எடுப்பது அவருக்கே உறுத்தியது. அத்துமீறி நுழைந்தவனாக உணர்ந்ததைப் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார்.

பின்லாந்தில் பிறந்த புகைப்படக்காரர் சிர்க்கா-லீசா கொண்டினென் வேறு வழியில் போனார். வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலுள்ள பைக்கர் பகுதி முழுவதையும் இடித்துக் கட்டத் திட்டமிட்டிருந்த சமயம் அது. அவர் அங்கேயே வீடெடுத்துக் குடியேறி, தாம் இருந்த வீடும் இடிக்கப்படும்வரை சுமார் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். படங்கள் 1983இல் நூலாக வந்தன. அவருடைய படங்களில் மனிதர்கள் கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். எடுப்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும். நான் சந்தேகமில்லாமல் கொண்டினென் பக்கம். கட்டடத்தை எடுப்பதற்கும் இது பொருந்தும். உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து, ‘இந்த ஜன்னல் என் மாமனார் வைத்தது’ என்று சொன்ன பிறகு நீங்கள் எடுக்கும் ஜன்னல் வேறு.

மான்செஸ்டரிலும் அதை ஒட்டிய சால்ஃபோர்டிலும் தெருக்கள் இடிபட்ட 1960களில் அங்கெல்லாம் நடந்து நடந்து எடுத்த புகைப்படக்காரர் ஷெர்லி பேக்கரையும் சொல்லவேண்டும். அவரை எந்தப் பத்திரிகையும் அனுப்பவில்லை. தாமாகப் போனார்.

நீங்களும் போங்கள். இடிப்பு அறிவிப்பு ஒட்டிய பிறகு ஓடுவதில் பயனில்லை. அதற்குள் குடும்பங்கள் கிளம்பியிருக்கும், ஜன்னல்களில் பலகை அறைந்திருப்பார்கள். மூலைக்கடை திறந்திருக்கும்போதே போங்கள். எடுத்த அன்றைக்கே தெருப்பெயர், கதவு எண், தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுங்கள். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லும் திருத்தங்களையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.