மருதமலைக்குப் போகிறோம் என்று சொன்னேன்

நேயர்களுக்கு வணக்கம். நான் குன்னூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். மனநோய் வந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மருத்துவமனையில் சேர்க்கலாமா என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு முன்னால் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2009ஆம் வருடம். அண்ணன் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நடுராத்திரி மழையில் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விடுவார். டார்ச் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் தேடுவோம். வைத்தியம் என்றால் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்கிற பயத்தில், மருதமலைக்குப் போகிறோம் என்று சொல்லிக் காரில் ஏற்றினோம். கோயிலுக்கு என்பதால் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். பர்லியாறில் டீக்கு நிறுத்தியபோது என்னைத் தனியாகக் கேட்டார்: "கோயிலுக்குத்தானே போறோம்?" ஆமாம் என்றேன்.

அன்றைக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. உறவினர் மனுவும் இரண்டு மருத்துவர் சான்றும் இருந்தால் 90 நாள் வரை உள்ளே வைத்திருக்கலாம். அப்பா கையெழுத்துப் போட்டார். அண்ணனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்து கேட்டது, தெளிந்து வீட்டுக்கு வந்தார். ஆனால் அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் எந்த வண்டியிலும் ஏறமாட்டார். என் கையால் மாத்திரை வாங்கமாட்டார். அவரைச் சேர்த்தது தப்பென்று இன்றும் நான் நினைக்கவில்லை. பொய் சொல்லிச் சேர்த்ததுதான் தப்பு.

இப்போது இருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று வைத்துக்கொள்ள இதில் இடமில்லை. சொல்வதைப் புரிந்துகொண்டு, விளைவை யோசித்து, தன் முடிவைத் தெரிவிக்க முடிகிறதென்றால் அவர் சம்மதம்தான் சம்மதம். சம்மதம் இல்லாமல் சேர்ப்பதென்றால், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் அவர் இருக்க வேண்டும், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்கு நோய் முற்றியிருக்க வேண்டும். இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். முதலில் 30 நாள்தான். ஏழு நாளுக்கு ஒருமுறை, சம்மதம் சொல்லும் நிலைக்கு அவர் வந்துவிட்டாரா என்று மருத்துவமனை பார்க்க வேண்டும். சேர்த்த ஏழு நாளுக்குள், நோயாளியின் உரிமைகளைக் காக்க இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேர்த்தது பெண்ணையோ சிறாரையோ என்றால் மூன்றே நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தன்னை வெளியே விடும்படி வாரியத்தில் அவரே முறையிடலாம், அதற்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓடக்கூட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள்.

மலையில் இருக்கும் குடும்பங்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். கூப்பிட்டால் வராத ஆளை இத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். முதலில் 14416க்குப் போன் செய்யுங்கள்; அரசின் இலவச மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம். அப்புறம், எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பதை அவரிடம் சொல்லுங்கள். முதல் தடவை முடியாது என்பார். சாயங்காலம் மறுபடி சொல்லிப் பாருங்கள். அவர் நம்புகிற வேறொருவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தெளிவாக இருக்கும் நாளிலேயே செய்து வைக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நோய் முற்றினால் எனக்காகப் பேச வேண்டியவர் இவர் என்று ஒருவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம். எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வாரியத்தில் பதிவும் செய்யலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது.

போன வருடம் என் அண்ணனும் எழுதினார். தாள் கொடுத்ததும், சட்டத்தை விளக்கியதும் நான்தான். தனக்காகப் பேச அவர் எழுதிய பெயர் எங்கள் சித்தி மகனுடையது. அதன் கீழே, "வண்டியில் ஏறும் முன் எங்கே போகிறோம் என்று எனக்குச் சொல்ல வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நன்றி, வணக்கம்.