உயுனி: உப்பு ஒரு நாள், உயரம் மூன்று நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொலிவியா நாட்டின் தென்மேற்கில், ஆண்டிஸ் மலைத்தொடரின் இரண்டு கிளைகளுக்கு நடுவே, பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது ஓர் உப்புவெளி. சலார் தெ உயுனி என்று பெயர். உலகத்தில் இதைவிடப் பெரிய உப்புவெளி இல்லை. மழைக்காலத்தில் அதன் மேல் மெல்லிசாகத் தண்ணீர் நின்று, வானமே காலுக்குக் கீழே தெரிகிற படங்களைக் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களில் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். அது உயரம். உப்புவெளி இருப்பது கடல் மட்டத்திலிருந்து 3,656 மீட்டரில். நம் தொட்டபெட்டா உச்சிக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் வரும் உயரம் அது. சரி, அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். பயணத்தின் தாழ்வான பகுதியே அதுதான்.

வழக்கமான சுற்றுலா மூன்று பகல், இரண்டு இரவு. உயுனி என்ற சிறு நகரத்தில் ஏறினால் ஒரு ஜீப்பில் ஆறு பயணிகள், ஒரு டிரைவர். பைகளெல்லாம் கூரைமேல் ஏறி, தார்ப்பாய்க்குள் கட்டப்பட்டுவிடும். ஆகவே குளிர்சட்டை, தண்ணீர், மாத்திரை மூன்றையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வரை மேலிருந்து எதையும் எடுக்க முடியாது. முதல் நாளோடு உப்பு முடிந்துவிடும். அடுத்த இரண்டு நாளும் வண்டி தெற்கே, சிலி நாட்டு எல்லையை நோக்கி, ஏறிக்கொண்டே போகும். இது தெரியாமல் வந்து, "உப்பு எங்கே?" என்று இரண்டாம் நாள் காலையில் கேட்டவர் எங்கள் வண்டியிலேயே ஒருவர் இருந்தார்.

முதலில் அந்த உப்பு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். இந்த மேட்டுநிலத்தில் பெய்கிற மழைக்குக் கடலுக்குப் போக வழியே கிடையாது. சுற்றிலும் மலை. பழைய காலத்தில் இங்கே பெரிய பெரிய ஏரிகள் இருந்தன. தட்பவெப்பம் மாறி அவை வற்றியபோது, மலைகளிலிருந்து கரைந்து வந்த உப்பெல்லாம் அடியில் தங்கிவிட்டது. இன்றைக்கும் மழைக்காலத்தில் மேலே தண்ணீர் நிற்கிறது, மேல்தோல் கரைகிறது, வற்றியதும் மறுபடி உறைகிறது. இப்படி வருடாவருடம் தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொள்வதால் முழுப் பரப்பிலும் மேடுபள்ளம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். 2002-இல் விஞ்ஞானிகள் ஜிபிஎஸ் கருவிகளோடு இதை அளந்தார்கள். பூமியின் உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள்களைச் சரிபார்க்க இவ்வளவு தட்டையான, இவ்வளவு வெளிச்சமான தரை வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

வறண்ட காலத்தில் போனால் தரை முழுக்க ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கட்டம் போட்டிருக்கும். கட்டத்தின் ஓரங்களில் உப்பு சிறு வரப்பாகத் தூக்கி நிற்கும். காய்ந்த குளத்தில் களிமண் வெடிப்பதுபோல வெடித்தது என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. தரைக்குக் கீழே உப்புக்கரைசல் மெதுவாகச் சுழல்கிறது. கனமான கரைசல் கீழே இறங்குகிற கோடுகளில்தான் மேலே உப்பு சேர்ந்து வரப்பாகிறதாம். காலடியில் நடக்கிற ஓட்டத்தின் வரைபடம்தான் மேலே தெரிகிறது. அந்தக் கரைசலில்தான் லித்தியமும் இருக்கிறது. பாட்டரிக்கு வேண்டிய அந்த உலோகத்தின் வளம் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் பொலிவியா முதல் வரிசையில் நிற்கிறது. ஆனால் மக்னீசியமும் கூடவே கலந்திருப்பதாலும், மழைக்காலம் ஆவியாவதைத் தாமதப்படுத்துவதாலும் பிரித்தெடுப்பது சுலபமாக இல்லை.

இந்த மேட்டுநிலத்தின் பழங்குடிகளான அய்மாரா மக்களுக்கு வேறொரு கதை இருக்கிறது. வடகரையில் நிற்கும் துனுபா எரிமலை ஒரு பெண். கணவன் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போய்விட, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதாள். அந்தப் பாலும் கண்ணீரும் கலந்ததுதான் இந்த வெண்மை. எங்கள் டிரைவர் இரண்டு விளக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். எது சரி என்று யாரும் கேட்கவில்லை.

சுற்றுலாவின் முதல் நிறுத்தம் உயுனிக்கு வெளியே இருக்கும் ரயில் மயானம். சுரங்கத் தாதுக்களைப் பசிபிக் துறைமுகத்துக்கு ஏற்றிச்சென்ற நீராவி எஞ்சின்கள் வரிசையாகத் துருப்பிடித்து நிற்கின்றன. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் எஞ்சினைவிட ஆட்கள் அதிகம். பத்து நிமிடம் போதும்.

அடுத்து வரும் கொல்சானி கிராமத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். உப்பை நம்பிப் பிழைக்கிற ஊர். வெளியே ஈர உப்பைச் சிறு சிறு கூம்புகளாகக் குவித்துக் காயவைக்கிறார்கள். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் அதை வறுத்து, அரைத்து, அயோடின் கலந்து பிளாஸ்டிக் பையில் கட்டுகிறார்கள். நான் பார்த்த பட்டறையில் ஒரு பெண்மணி பையின் வாயை மடித்து, சிறிய எரிவாயுச் சுடரில் ஓர் இழுப்பு இழுத்தார். ஒட்டிக்கொண்டது. அடுத்த பை. எங்களோடு பேசிக்கொண்டே, சுடரைப் பார்க்காமலே செய்துகொண்டிருந்தார். வாசலில் கோடரியால் வெட்டியெடுத்த உப்புப் பாளங்கள் அடுக்கியிருந்தன. பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே மெல்லிய பழுப்புக் கோடுகள். வறண்ட காலத்துக் காற்று கொண்டுவந்து போட்ட தூசி ஒரு கோடு, அதன்மேல் அடுத்த மழைக்குப் பின் உறைந்த உப்பு ஒரு பட்டை. சுவர் கட்ட இந்தப் பாளங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அன்றிரவு நாங்கள் படுத்த கட்டிலின் அடிப்பாகமும் அதேதான்.

உப்புவெளிக்குள் இறங்கியதும் சாலை என்று ஒன்று இல்லை. சக்கரத் தடங்கள் இருக்கின்றன, தூரத்து மலை முகடுகள் இருக்கின்றன, டிரைவரின் நினைவு இருக்கிறது. இவ்வளவு பெரிய வெட்டவெளியில் என்ன விபத்து நடந்துவிடும் என்று தோன்றும். 2008-இல் இங்கே இரண்டு சுற்றுலா ஜீப்புகள் நேருக்கு நேர் மோதித் தீப்பிடித்ததில் 13 பேர் இறந்தார்கள். இடம் எவ்வளவு இருந்தாலும் எல்லாரும் பழகிய தடத்திலேயே வேகமாகப் போகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஆகவே சுற்றுலா பதிவுசெய்யும்போது படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். ஆறு இருக்கைக்கும் பெல்ட் இருக்கிறதா? டயர் தேய்ந்திருக்கிறதா? ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காலையில் டிரைவரின் வாயில் மது வாடை வந்தால் ஏறவே ஏறாதீர்கள், முன்பணம் போனால் போகட்டும். மலிவான சுற்றுலாக்களில் டிரைவர்தான் வழிகாட்டி, அவரே சமையல்காரர், அவரே மெக்கானிக். மூன்று நாள் உங்கள் உயிர் அவர் கையில்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிராக இருப்பதால் வெயில் உறைக்காது. ஆனால் மேலிருந்து வருவது பாதி, தரையிலிருந்து திரும்பி வருவது பாதி. தொப்பி போட்டவருக்கும் முகவாய்க்கட்டைக்கு அடியில், மூக்குத் துவாரத்தின் உட்புறத்தில்கூடத் தோல் வெந்துபோகும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அரை நாள் நின்றால் அன்றிரவு கண்ணில் மணல் விழுந்ததுபோல அறுக்கும். இதற்கிடையில் ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் இருக்கும். அதைக் காமிராவுக்கு அருகே வைத்து, நம்மைத் தூரத்தில் ஓடவிட்டு எடுக்கிற படம். ஒரு மணிநேரம் இதிலேயே போய்விடும். சிரித்துக்கொண்டே ஓடினேன், நாலடியில் மூச்சு வாங்கியது.

நடுவெளியில் இன்காவாசி என்ற பாறைத்தீவு. முழுக்க உயரமான கள்ளிமரங்கள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வதாகச் சொல்கிறார்கள். சில மரங்கள் பத்து மீட்டரை எட்டும், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த கள்ளிக்குள் வரிசையாகத் துளை விழுந்த நல்ல கட்டை இருக்கிறது. மரமே இல்லாத அந்த மேட்டுநிலத்தில் கதவுக்கும் கூரைக்கும் அதுதான் பயன்பட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் அதிகமிருந்தால் வண்டி இந்தத் தீவுக்கு வர முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை கண்ணாடித் தரை கிடைக்கும், தீவு கிடைக்காமல் போகலாம். மே முதல் அக்டோபர் வரை தீவும் அறுகோணமும் கிடைக்கும், கூடவே இரவில் உறைநிலைக்கு வெகுகீழே போகிற குளிரும் வரும். என்னைக் கேட்டால் வறண்ட காலம்தான்.

இனி உயரம். 3,650 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் உருளைக்கிழங்கு வேக நேரமாகும், தேநீரில் சாறு இறங்காது. முதல் இரவு தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை வருவது சகஜம். உள்ளூரில் இதற்கு சொரோச்சி என்று பெயர். கோக்கா என்ற செடியின் இலைத் தேநீர் எங்கும் கிடைக்கும், டிரைவரின் கன்னம் எப்போதும் அந்த இலையால் உப்பியிருக்கும். அது கொஞ்சம் தெம்பு தரும், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, நடையில் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. இந்த உபாதையைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையைக் கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு இருப்பவர்கள் அவர் சம்மதம் இல்லாமல் போகவே கூடாது.

இதில் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறோம் என்பது மிக முக்கியம், ஆனால் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. உயுனியில் கிளம்பினால் முதல் இரவு உப்புவெளிக் கரையில், ஏறக்குறைய அதே உயரத்தில் தூங்குவீர்கள். இரண்டாம் இரவுதான் 4,300 மீட்டர் பக்கம். சிலி நாட்டின் சான் பெத்ரோ தெ அட்டகாமாவில் கிளம்பினால் கதை தலைகீழ். அந்த ஊர் 2,400 மீட்டரில் இருக்கிறது. அன்றே 4,900 மீட்டர் வரை ஏறிவிட்டு, முதல் இரவே 4,300-இல் படுக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் இறங்குவதற்கு ராத்திரியில் அந்த ஜீப்பைத் தவிர வேறு வழியும் இல்லை. நான் பார்த்த மிக மோசமான தலைவலிகள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களுடையவை. முடிந்தால் 2,800 மீட்டரில் இருக்கும் சுக்ரே நகரத்தில் சில நாள் தங்கிவிட்டு உயுனிக்கு வாருங்கள்.

இரண்டாம் நாள் முழுக்க ஏரிகள். கன்யாப்பா, எதியோண்டா, கடைசியில் லகூனா கொலராதா. எதியோண்டா ஏரியில் கந்தக வாடை, அழுகிய முட்டை மாதிரி. அதன் நடுவே பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். இந்த மேட்டுநிலத்தில் மூன்று வகைப் பூநாரைகள் உண்டு. அதில் ஜேம்ஸ் பூநாரை அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள், 1950-களில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அலகில் மஞ்சள் அதிகமாகவும் நுனி கறுப்பாகவும் இருந்தால் அதுதான். லகூனா கொலராதா 4,278 மீட்டரில் இருக்கிறது. பாசியாலும் வண்டலாலும் தண்ணீர் செங்கல் நிறம், நடுவே வெள்ளை போராக்ஸ் (வெண்காரம்) திட்டுகள். பிற்பகல் காற்று எழும்பும்போது சிவப்பு கூடும், கூடவே நம்மைத் தள்ளிவிடுகிற அளவுக்குக் காற்றும் கூடும். இந்தப் பகுதி முழுவதும் எதுவார்தோ அவரோவா தேசியக் காப்பகத்துக்குள் வருகிறது, நுழைவுக் கட்டணத்தை பொலிவியானோ நாணயத்தில் ரொக்கமாக வைத்திருங்கள். சைவ உணவுக்காரர்கள் பதிவுசெய்யும்போதே சொல்லிவிடவும், கிளம்பும் காலையில் இன்னொரு முறையும் சொல்லவும். கீன்வா என்ற தானியக் கஞ்சியும் பாஸ்தாவும் கிடைக்கும். ஊறுகாய் பாட்டில் கொண்டுபோனது வீண் போகவில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். சோல் தெ மன்யானா என்னும் நீராவிக் குழிகள் 4,850 மீட்டர் வாக்கில் இருக்கின்றன. கடுங்குளிரில்தான் ஆவி திரண்டு உயரமாகத் தெரியும், அதற்காகத்தான் அந்த இருட்டுப் பயணம். சாம்பல் நிறச் சேறு குழிக்குள் பொளக் பொளக்கென்று கொதிக்கும். ஓரம் எங்கே உறுதி, எங்கே மெல்லிய ஓடு என்று கண்ணுக்குத் தெரியாது. டிரைவர் கால் வைக்கிற இடத்தில் கால் வைப்பது நல்லது. பிறகு பொல்கேஸ் வெந்நீர் ஊற்று. குளிக்க நினைப்பவர்கள் நீச்சல் உடையை முந்தின இரவே உள்ளே போட்டுக்கொள்வது உத்தமம், ஏனென்றால் பை கூரைமேல்.

கடைசியாக, 5,916 மீட்டர் உயர லிகன்காபூர் எரிமலையின் அடிவாரத்தில் பச்சை ஏரி. அங்கிருந்து சற்று தூரத்தில் ஈத்தோ கஹோன் எல்லைச் சாவடி. வந்த ஜீப்பிலேயே உயுனிக்குத் திரும்பலாம், அதற்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அல்லது வண்டி மாறி சான் பெத்ரோவுக்கு இறங்கலாம். ஒரு மணிநேரத்துக்குள் இரண்டாயிரம் மீட்டர் இறக்கம். காதடைக்கும், பையிலிருக்கும் காலி தண்ணீர் பாட்டில் யாரோ கையால் நசுக்கியதுபோலச் சப்பிக் கிடக்கும், தலைவலி இருந்தவர்கள் திடீரென்று சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். சிலி சுங்கச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பழம், காய்கறி எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, மீதியிருக்கும் கோக்கா இலையும் கூடாது. எல்லாவற்றையும் பொலிவியாப் பக்கத்திலேயே டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்குத் திரும்பிப் போக நீண்ட வழி இருக்கிறது.

நன்றி, வணக்கம்.