தேயாத இடத்தில் எண்

நேயர்களுக்கு வணக்கம். நம் தோட்டத்துப் பட்டணத்தில் கடைசல் பட்டறைகள் பிழைப்பதே செம்பனை ஆலைகளின் உதிரிப் பாகங்களால்தான். அந்தப் பாகங்களில் அடையாள எண் பொறிப்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். அற்ப வேலை என்று எண்ணி, எல்லாம் முடிந்தபின் இடம் கிடைத்த பக்கத்தில் தட்டிவிடுகிறார்களே, அதுதான் என் நெடுநாள் மனக்குறை.

பழம் பிழியும் இயந்திரத்தில் இரண்டு திருகுகள் அருகருகே எதிரெதிராகச் சுழலும். சங்கில் வலம்புரியும் இடம்புரியும் இருப்பதுபோல, ஒன்றின் புரி வலம், மற்றதன் புரி இடம். ஆனால் தனித்தனியே தரையில் கிடந்தால் அவசரக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஓர் ஆலையில் எண்ணைப் புரியின் முகட்டிலேயே பொறித்திருந்தார்கள். நாரும் கொட்டையும் ஓயாமல் உரசுவது அங்கேதான் என்பதால் திருகோடு எண்ணும் தேய்ந்துபோய், மாற்றுக்கு வந்த இரண்டுமே வலப்புரியாக இருந்தன. வாசலில் லோரிகள் வரிசை கட்டி நின்றன. வெட்டிய குலை தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதைத் தோட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஆகவே, பாகம் உழைக்காத முகத்தில்தான் எண் இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், உழைக்காத முகம். பேரிங் அமரும் இடமும் எண்ணெய் சீல் உரசும் இடமும் ஆகாது. தண்டின் விட்டம் மாறும் மூலையோ அறவே ஆகாது, ஏனெனில் பஞ்ச், அதாவது சுத்தியலால் தட்டி எண் பதிக்கும் எஃகு அச்சு, அடித்த கூரிய பள்ளத்தில் தகைவு (சுமையால் உலோகத்துக்குள் எழும் இறுக்கம்) குவிந்து, சுழன்றுகொண்டே சுமை தாங்கும் தண்டில் விரிசல் அங்கிருந்தே தொடங்கக்கூடும். இரும்பைக் கடினப்படுத்துவதற்கு முன்பே அடித்துவிடுங்கள்; பிறகு அடித்தால் பஞ்சின் முனைதான் மழுங்கும்.

கணினி இயக்கும் பொறிப்பு இயந்திரத்தில் 90 பாகைக் கூர்முனையால் பொறித்தால், கோட்டின் அகலம் ஆழத்தின் இரு மடங்கு. பரப்பு 0.1 மில்லிமீட்டர் சரிந்திருந்தாலே அகலம் 0.2 மில்லிமீட்டர் மாறி, ஒரு கோடியில் எழுத்து தடித்தும் மறுகோடியில் மயிரிழையாகவும் நிற்கும். முகத்தை முதலில் சீவிச் சமப்படுத்துவது இதற்காகத்தான்.

எழுத்துத் தேர்விலும் கவனம் வேண்டும். உங்கள் காரின் 17 இலக்க அடையாள எண்ணைப் பாருங்கள். ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வரா. பட்டறைக்காரர்கள் அதைப் பின்பற்றுவதில் செலவே இல்லை. 66, 99 போன்ற எண்களின் அடியில் ஒரு கோடும் போடுங்கள், தலைகீழாகப் பிடித்தாலும் தெரியும்.

நேரம் முடிவதாகக் கை காட்டுகிறார்கள். லேசரால் எண் பொறிப்பதைப் பற்றி ஒன்று மட்டும்: துருப்பிடிக்காத எஃகிலும் லேசர் கருக்கிய இடம் துருவேறக்கூடும், ஈரம் படும் பாகமானால், பொறித்தபின் அமிலக் குளியல் கொடுத்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். வணக்கம்.