பூக்கணக்கும் பூட்டிய போனும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அத்தை மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்கிறார். விடியுமுன் கோயம்பேடு போய் மல்லியைக் கிலோ கணக்கில் வாங்குவார். கட்டி, முழக் கணக்கில் விற்பார். நடுவில் லாபம் எங்கே கரைகிறது என்பது அவருடைய நெடுநாள் குழப்பம். நான் இணையப் பக்கங்கள் செய்து பிழைக்கிறவன். அவருடைய பட்டன் போனுக்கென்று ஒரு சின்னக் கணக்குப் பக்கம் எழுதினேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று மூன்றே கோப்புகள்.

அந்த போனின் இயங்குதளமே இணையத் தொழில்நுட்பத்தில் கட்டியதுதான். நம்பர் அழுத்தும் திரைகூட உள்ளுக்குள் ஓர் இணையப் பக்கம். ஆனாலும் என் மூன்று கோப்புகளை அது ஏற்கவில்லை. தயாரித்தவர்களின் ஆப் ஸ்டோர் வழியாக, அவர்கள் ஒப்புதலோடு வரும் செயலி மட்டுமே ஏறும். சிம்மும் ஒரே கம்பெனியுடையதுதான் எடுக்கும். "என் காசுல வாங்குன போன்டா, யாரைக் கேக்கணும்?" என்றார் அத்தை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த வகைப் போன்களின் தொடக்கம் வேறு மாதிரி இருந்தது. 2011இல், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லா, 'பூட் டு கெக்கோ' என்ற திட்டத்தை அறிவித்தது. அதுதான் பிறகு ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் என்ற போன் இயங்குதளம் ஆனது. 2014 ஆகஸ்டில் அதில் ஓடும் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற போன் 1,999 ரூபாய்க்கு நம் ஊரில் விற்பனைக்கு வந்தது. ராம் வெறும் 128 எம்பி. வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் ஓர் இணையதளம் யாருடைய ஸ்டோருக்கும் போகாமல், தன் பக்கத்திலிருந்தே செயலியை போனில் நிறுவ அதில் வழி இருந்தது. கேபிளைச் செருகிக் கணினியிலிருந்தும் ஏற்றலாம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

2015 டிசம்பரில் மொசில்லா ஸ்மார்ட்போன் முயற்சியைக் கைவிட்டது. நிரல் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அழியவில்லை. அதிலிருந்து கிளைத்ததுதான் அத்தையுடையதைப் போன்ற பட்டன் போன்களில் ஓடும் கையோஎஸ்.

இங்கே உரிமத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் கெக்கோ என்ற எஞ்சினுக்கு மொசில்லா பொது உரிமம்: அதன் கோப்புகளைத் திருத்தி போனில் போட்டு விற்றால், திருத்தியதையும் வெளியிட வேண்டும். நாம் பார்க்கும் திரைகளான கையாவுக்கோ அப்பாச்சி உரிமம்: அதை மாற்றியவர் யாருக்கும் காட்டத் தேவையில்லை. ஆக, திறந்த நிரலை எடுத்து மூடிய போன் செய்வது முழுக்கச் சட்டப்படியான காரியம். உரிமம் நிரலைத்தான் காக்கும். அத்தை கையில் இருக்கும் போனுக்குள் எது ஏறலாம் என்பதில் அதற்குப் பேச்சில்லை.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸிலும் குறுஞ்செய்தி அனுப்பும் உரிமை போனோடு வந்த செயலிகளுக்கு மட்டும்தான். அது சரிதான், எங்கிருந்தோ வந்த ஒரு பக்கம் அத்தை பெயரில் மெசேஜ் அனுப்பக் கூடாதல்லவா? ஆனால் வாடகை வீட்டில்கூட ஒரு சாவி குடியிருப்பவரிடம் இருக்கும்.

அப்புறம், எஞ்சின் பழசாகிப் போகும் சிக்கல். இவ்வகைப் போனில் பிரவுசர் எஞ்சின் இயங்குதளத்தோடு ஒட்டியது. தயாரித்தவர் புதுப்பிக்காவிட்டால் நாம் மாற்ற முடியாது. என் பக்கத்தில் 'வாங்கியது', 'விற்றது', 'கடன்' மூன்று கட்டங்களும் வரிசையாக நிற்க வேண்டும். அத்தை போனில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. கட்டங்களை வரிசையாக அடுக்க நான் பயன்படுத்திய சிஎஸ்எஸ் கிரிட் என்ற வசதி ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்ததே 2017 மார்ச்சில். போனில் இருந்த எஞ்சின் அதற்கும் மூத்தது. உட்கார்ந்து பழைய முறையில் மறுபடி எழுதினேன்.

அடுத்த முறை ரிச்சி தெருவில் போன் பார்க்கும்போது, விலை கேட்ட கையோடு, வேறு சிம் போடலாமா, வெளியிலிருந்து செயலி ஏற்றலாமா என்றும் கேளுங்கள்.

இப்போது அந்தப் பக்கத்தை ஒரு சர்வரில் வைத்திருக்கிறேன். அத்தை பிரவுசரில் திறக்கிறார். கோயம்பேடு சந்தைக்குள் சிக்னல் அறுந்தால் பக்கம் வராது. அதனால் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் 'மல்லி 3 கிலோ' என்று எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறார்.